சால்மனின் மூக்கும் பிஷிக்கின் மூக்கும்: பிறந்த ஆற்றைத் தேடிப் போவது எது?

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. வருடக்கணக்கில் கடலில் திரிந்த சால்மன், தான் பிறந்த ஓடையையே மோப்பம் பிடித்துத் திரும்புகிறது என்பது நிஜமா, எப்படி? அப்படியானால் இங்கே ரீயூனியன் தீவில் ரிவியேர் து மா ஆற்றின் வாயிலும், சேன்-பெனுவாவில் ரிவியேர் தே மர்சுவேன் ஆற்றின் வாயிலும் பறி வைத்துப் பிடிக்கிற பிஷிக் என்ற சிறு மீன்குஞ்சுகளும் பிறந்த ஆற்றுக்குத்தான் வருகின்றனவா?

முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை. இரண்டும் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறுகிற மீன்தான், இரண்டுக்கும் மூக்கு உண்டு. ஆனால் சால்மன் நினைவை வைத்துக்கொண்டு வருகிறது. பிஷிக்குக்கு அப்படி ஒரு நினைவு தேவையே இல்லை. ஏன் என்று பார்க்க மூக்கிலிருந்து ஆரம்பிப்பதுதான் வசதி.

ரீயூனியனில் முழு சால்மன் வாங்குவது கஷ்டம். கடைக்கு வருவதெல்லாம் துண்டுகளும், கிறிஸ்துமஸ் நேரத்துப் புகையூட்டிய தகடுகளும். கவலையில்லை. சலாசியில் எல்பூர்ப் பக்கம் வளர்க்கிற வானவில் ட்ரவுட் இருக்கிறதே, அது பசிபிக் சால்மன்களோடு ஒரே பேரினத்தைச் சேர்ந்தது. மூக்கின் அமைப்பும் ஒன்றுதான். முழு மீனாக ஒன்று வாங்கி, கழுவுவதற்கு முன்பே தலையைப் பாருங்கள். கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் நடுவே, ஒவ்வொரு பக்கமும் இரண்டு சிறு துளைகள் அடுத்தடுத்து இருக்கும். நடுவே தோலால் ஆன ஒரு சிறு மடல் நிற்கும். மருந்துச் சொட்டுக்குழாயில் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் எடுத்து முன்துளையில் மெதுவாக விடுங்கள். பின்துளை வழியாக வெளியே வரும். வாய்க்குள் ஒரு சொட்டும் வராது. மீன் மூச்சு வாங்குவது செவுளால். அதன் மூக்குக்கும் மூச்சுக்கும் சம்பந்தம் கிடையாது, மோப்பம் ஒன்றுதான் வேலை. மீன் முன்னோக்கி நீந்தும்போது அந்த மடல் நீரை முன்துளைக்குள் தள்ளிவிடுகிறது.

இப்போது நகம் வெட்டும் சிறு கத்தரிக்கோலால் இரண்டு துளைகளுக்கும் நடுவிலுள்ள தோலை வெட்டி விரியுங்கள். உள்ளே ஒரு சிறு கிண்ணம். கிண்ணத்தின் அடியில் நடுத்தண்டு ஒன்றும் அதன் இருபுறமும் மெல்லிய மடிப்புகளும் இருக்கும். பூ மாதிரி என்று புத்தகங்களில் சொல்வார்கள். எனக்கென்னவோ வேப்பிலைக் கொத்துதான் ஞாபகம் வருகிறது. சளி மூடியிருந்தால் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, கைப்பேசியின் விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் மடிப்புகள் தெளிவாகத் தெரியும். இத்தனை மடிப்பு எதற்கு? சிறிய கிண்ணத்துக்குள் பெரிய பரப்பை அடக்குவதற்குத்தான். அந்தப் பரப்பு முழுவதும் மோப்ப நரம்புச் செல்கள். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு நுனி ஆற்றுநீரில், மறுநுனி மூளையின் முன்பக்கத்து மோப்பக் குமிழில். நடுவில் காப்பு என்று பார்த்தால் மெல்லிய சளிப்படலம் மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் செம்பு பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

சரி, அந்த மூக்கு எதை முகர்கிறது? நமக்கு வாசனை என்றால் காற்றில் ஆவியாகி வருவது. மீனுக்கு நீரில் கரைந்தது எல்லாம் வாசனைதான். அமினோ அமிலங்கள், பித்த உப்புகள், மற்ற மீன்கள் விடுகிற ஹார்மோன் பொருட்கள் ஆகியவற்றுக்கு சால்மனின் மூக்கு மிகக் கூர்மை. ஓர் ஓடையின் நீரில் மேலே உள்ள மண், விழுந்து மக்கிய இலை, கல்மேல் படிந்த வழுவழுப்பான பாசிப்படலம், அதில் வாழும் நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்து ஒரு கரைசலைத் தயாரிக்கின்றன. ஜப்பானில் ஹொக்கைடோ தீவில் நடந்த ஆய்வுகள், அந்தக் கரைசலில் உள்ள அமினோ அமிலங்களின் விகிதம் சால்மனுக்கு முக்கிய அடையாளம் என்று காட்டின. பிறந்த ஓடையில் உள்ள விகிதத்தில் அமினோ அமிலங்களைக் கலந்து செயற்கை ஓடைநீர் தயாரித்தார்கள். இரண்டு கிளையாகப் பிரியும் தொட்டியில் ஒரு கிளையில் அதை விட்டால், திரும்பி வந்த மீன்கள் அந்தப் பக்கம் போயின.

விகிதம் என்று சொன்னதைக் கவனியுங்கள். ஒவ்வோர் ஆற்றுக்கும் தனியாக ஒரு மாயப்பொருள் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். சாம்பார்ப் பொடியில் எல்லா வீட்டிலும் அதே மல்லி, மிளகாய், பருப்பு, வெந்தயம்தான். ஆனாலும் மூடியைத் திறந்ததுமே இது அம்மா அரைத்தது, இது அத்தை அரைத்தது என்று தெரிந்துவிடுகிறதல்லவா? அதே கணக்கு.

மூக்குதான் வேலை செய்கிறது என்பதை நிரூபித்தது எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையின் அழகே அந்தச் சோதனைகளில் இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ஹாஸ்லரும் வாரன் விஸ்பியும் முதலில் சால்மனைத் தொடவே இல்லை. சிறு ஆற்றுமீன்களைத் தொட்டியில் வைத்து, இரண்டு ஓடைகளின் நீரைப் பிரித்தறியப் பழக்கினார்கள். மீன்கள் கற்றுக்கொண்டன, மூக்கின் உட்பரப்பை அழித்ததும் அந்தத் திறமை போய்விட்டது. 1951-ல் இதை வெளியிட்டார்கள். அடுத்து வாஷிங்டன் மாநிலத்தின் இசக்வா ஓடைக்குப் போனார்கள். அங்கே ஓடை இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையிலும் ஏற்கெனவே ஏறியிருந்த கோஹோ சால்மன்களைப் பிடித்து, பாதி மீன்களுக்கு மூக்கில் பஞ்சடைத்து, எல்லாவற்றையும் கிளை பிரியும் இடத்துக்குக் கீழே, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி விட்டார்கள். மறுபடியும் எந்தக் கிளையில் ஏறுகின்றன என்பதுதான் கேள்வி.

மூக்கு திறந்திருந்த மீன்களில், இசக்வா கிளையிலிருந்து எடுத்தவற்றில் மறுபடி பிடிபட்ட 46-ம் இசக்வாவுக்கே போயிருந்தன. கிழக்குக் கிளை மீன்களில் 27-க்கு 19 சரியாகப் போயின. மூக்கு அடைத்தவற்றில் கிழக்குக் கிளையைச் சேர்ந்த 19-ல் 3 மட்டுமே கிழக்குக் கிளையைக் கண்டுபிடித்தன. மற்றவை தண்ணீர் அதிகமாக வந்த பெரிய கிளையில் ஏறிவிட்டன. மூக்கு அடைந்தாலும் மீன் நீரோட்டத்தை எதிர்த்துத்தான் ஏறியது. எந்தக் கிளை என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. இது முக்கியமான வேறுபாடு. மோப்பம் எஞ்சின் கிடையாது, சுக்கான்.

ஆனால் சந்தேகப்படுகிறவர் ஒரு கேள்வி கேட்கலாம். மீன் வாசனையைத் தெரிந்துகொள்கிறது சரி, அது குட்டிப் பருவத்தில் கற்றதா, ரத்தத்தில் வந்ததா? இதற்குத்தான் 1970-களில் மிச்சிகன் ஏரியில் செயற்கை வாசனையை வைத்துச் செய்த சோதனை. மார்ஃபோலின் என்று ஒரு வேதிப்பொருள். கொதிகலன் துருப்பிடிக்காமல் இருக்கக் கலப்பது, எந்த ஆற்றிலும் இயற்கையாக இருக்காது. இன்னொன்று ஃபெனெத்தில் ஆல்கஹால். இது நமக்குப் பழக்கமான வாசனைதான். பன்னீரின் மணத்தில் பெரும்பங்கு இதனுடையது. குஞ்சு பொரிப்பகத்தில் இளம் கோஹோ மீன்களை, கடலுக்குப் போகத் தயாராகும் சில வாரங்களில், ஒரு கூட்டத்துக்கு மார்ஃபோலின் கலந்த நீரிலும் இன்னொரு கூட்டத்துக்குப் பன்னீர்ப் பொருள் கலந்த நீரிலும் வைத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றும் கலக்கவில்லை. எல்லாவற்றையும் ஏரியில் விட்டார்கள். சுமார் 18 மாதம் கழித்து, மீன் முட்டையிடத் திரும்பும் காலத்தில், ஓர் ஓடையில் மார்ஃபோலினும் வேறோர் ஓடையில் பன்னீர்ப் பொருளும் சொட்டச் சொட்ட விட்டுக் காத்திருந்தார்கள். பிடிபட்ட மீன்களில் 90 சதவீதத்துக்கு மேல் தத்தம் வாசனை கலந்த ஓடையில் ஏறின. அந்த ஓடைகளை அவை வாழ்நாளில் பார்த்ததே இல்லை. ஒன்றும் கலக்காத நீரில் வைத்த மீன்கள் பல ஓடைகளிலும் சிதறிப்போயின.

மார்ஃபோலின் எவ்வளவு கலந்தார்கள் தெரியுமா? ஒரு லிட்டருக்கு 0.00005 மில்லிகிராம். அதாவது 20,000 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லிகிராம். ஒரு பெரிய டேங்கர் லாரித் தண்ணீரில் ஒரே ஒரு சிறு உப்புத் துணுக்கைப் போட்டு, அதை ஒன்றரை வருடம் கழித்து ஞாபகம் வைத்துக் கண்டுபிடிப்பது போல.

இந்தப் பதிவு வாழ்நாளில் எப்போது வேண்டுமானாலும் நடந்துவிடாது. ஆற்றில் வளர்ந்த சால்மன் குட்டிக்கு உடம்பில் விரல்பதிந்தாற்போலக் கரும்பட்டைகள் இருக்கும். வசந்தத்தில் அந்தப் பட்டைகள் மறைந்து, உடல் வெள்ளியாகி, உப்புநீரைத் தாங்கும்படி செவுளும் சிறுநீரகமும் மாறுகின்றன. அப்போது தைராய்டு ஹார்மோன் ரத்தத்தில் திடீரென்று ஏறுகிறது. வாசனைப் பதிவு மிக வலுவாக நடப்பது அந்த நேரத்தில்தான். அதற்கு முன்பே, முட்டையிலிருந்து வெளிவந்து சரளைக்கற்களுக்குள்ளிருந்து மேலே வரும் நாட்களிலும் பதிவு நடக்கிறது. இது இல்லாவிட்டால் சில இனங்களின் கதையே விளங்காது. சாக்கை சால்மன் ஓடையில் பிறந்து, ஏரியில் ஓரிரு வருடம் வளர்ந்து, அங்கிருந்து கடலுக்குப் போகிறது. திரும்பும்போது ஏரியோடு நிற்காமல் அந்த ஓடைக்கே ஏறுகிறது. இளஞ்சிவப்பு சால்மனோ வெளியே வந்த உடனே கடலுக்கு இறங்கிவிடுகிறது.

நினைவு எங்கே இருக்கிறது? மூளையில் மட்டும் என்று முதலில் நினைத்தார்கள். பன்னீர் வாசனையில் பதிவான கோஹோக்களின் மூக்குச் செல்களைத் தனியாகச் சோதித்தபோது, அந்தச் செல்களே அந்த வாசனைக்குக் கூடுதலாகப் பதில் கொடுத்தன. மோப்பச் செல்கள் தேய்ந்து புதிதாக முளைத்துக்கொண்டே இருப்பவை. இருந்தும் கூர்மை தங்கியிருந்தது. ஆக, பதிவில் மூக்குக்கும் பங்கு உண்டு.

இனித் திரும்பி வரும் பயணம். இங்கே பரவலாக ஒரு தவறான எண்ணம் உண்டு. நடுக்கடலில் நிற்கிற சால்மன் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓடையை முகர்கிறது என்று எழுதுகிறார்கள். அது நடக்காது. அவ்வளவு தூரத்தில் ஆற்றின் தடயம் கரைந்தே போயிருக்கும். கடலில் அதற்கு வழிகாட்டுவது பூமியின் காந்தப்புலம். கனடாவின் ஃப்ரேசர் ஆற்றுக்குத் திரும்பும் சாக்கை சால்மன்கள் வான்கூவர் தீவை வடக்கே சுற்றி வரலாம், தெற்கே சுற்றியும் வரலாம். 56 வருட மீன்பிடிப் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2013-ல் வெளியான ஆய்வு, அந்தந்த வருடம் எந்த நுழைவாயிலின் காந்தப்புலம், மீன் புறப்பட்டபோது ஆற்றுவாயில் இருந்த அளவோடு அதிகம் ஒத்துப்போனதோ, அந்தப் பக்கம் அதிக மீன்கள் வந்தன என்று காட்டியது. காந்தம் கடற்கரை வரை கொண்டுவந்து விடுகிறது. அதற்குப் பிறகுதான் மூக்கு.

கழிமுகத்தில் நன்னீரும் உப்புநீரும் அடுக்கடுக்காக நிற்கும். மீன் நேராக உள்ளே போகாது. மேலும் கீழுமாக அடுக்குகளைத் தாண்டித் தாண்டி நீந்தி எந்த அடுக்கில் தன் வாசனை இருக்கிறது என்று சோதிக்கும். கிடைத்ததும் நீரோட்டத்தை எதிர்த்து ஏறும். வாசனை இருக்கும்வரை எதிர்நீச்சல். வாசனை அறுந்தால் எதிர்நீச்சலை விட்டுவிட்டுப் பின்வாங்கும், குறுக்கே அலையும், மறுபடி கிடைத்ததும் ஏறும். வானொலி அலை அனுப்பும் பட்டை கட்டிய மீன்களைத் தொடர்ந்து பார்த்தால், தவறான கிளைக்குள் சிறிது தூரம் போய், திரும்பி இறங்கி, சரியான கிளைக்கு வருவது சர்வ சாதாரணம். நதிமூலம் பார்க்கக் கூடாது என்பது நம் ஊர்ப் பழமொழி. சால்மனுக்கு வாழ்க்கையே அதுதான்.

இதிலிருந்து ஒன்று புரியும். அது மனதில் வைத்திருப்பது ஒரே ஒரு வாசனை கிடையாது, வரிசையாகப் பல வாசனைகள். ஓடை, ஓடை சேரும் சிற்றாறு, பேராறு, கழிமுகம் என்று இறங்கும்போது வழியில் கிடைத்தவை. ஏறும்போது அதே வரிசையைத் தலைகீழாக வாசிக்கிறது. குட்டியாக இறங்கும்போது வரிசையில் ஒரு துண்டு விடுபட்டுப்போனால் ஏறும்போது அந்த இடத்தில் தடுமாறும். நடைமுறையில் தப்பு நடப்பதெல்லாம் இங்கேதான்.

அமெரிக்காவில் கொலம்பியா, ஸ்னேக் ஆறுகளில் அணைகள் வரிசையாக நிற்கின்றன. சுழலியில் அடிபடாமல் காப்பாற்ற, இளம் சால்மன்களைப் பிடித்துப் படகுத்தொட்டியில் ஏற்றி, கடைசி அணைக்குக் கீழே கொண்டுபோய் விடுகிறார்கள். உயிர் பிழைக்கிறது, வாஸ்தவம். ஆனால் ஆற்றிலே தானாக நீந்தி இறங்கிய மீன்களைவிட, படகில் போனவை திரும்பும்போது வேறு ஆறுகளில் வழிதவறி ஏறுவது அதிகம். வழி தெரியாமல் தூங்கிக்கொண்டே பஸ்ஸில் வந்தவனைத் தனியாகத் திரும்பி நடக்கச் சொன்னால் எப்படியோ அப்படி. கலிஃபோர்னியாவில் லாரியில் ஏற்றிக் கடலோரத்தில் விட்ட பொரிப்பக மீன்களுக்கும் இதே கதி. இதற்கு மாற்று, விடப்போகும் ஆற்றின் நீரையே குளத்தில் ஓடவிட்டு, வெள்ளியாக மாறும் பருவத்தில் குட்டிகளைச் சில வாரம் அதில் வைத்திருந்து, பிறகு அங்கேயே திறந்துவிடுவது. வாரத்தைக் குறைத்து அவசரப்பட்டால் பலன் குறையும்.

இரண்டாவது தப்பு, நீரைக் கலப்பது. கனடாவில் சீட்டன் ஓடை வழியாக ஏறும் சாக்கைகளுக்கு நடந்தது பாடம். சீட்டன் ஏரியின் நீர் மின்நிலையம் வழியாக ஃப்ரேசர் ஆற்றில், ஓடையின் வாய்க்குக் கொஞ்சம் கீழேயே வந்து விழுகிறது. ஏறி வரும் மீனுக்கு முதலில் கிடைப்பது இந்தச் சுத்தமான சொந்த வாசனை. அங்கேயே நின்றுவிடுகிறது, முன்னால் கான்கிரீட் சுவர். சற்று மேலே உள்ள உண்மையான ஓடையிலோ கயூஷ் என்ற வேறோர் ஓடையின் நீரும் கலந்து வருகிறது. ஆராய்ந்து பார்த்து வரம்பு வைத்தார்கள்: சீட்டன் வழியாக மேலே போகிற கேட்ஸ் ஓடை மீன் ஏறும் காலத்தில் கயூஷ் நீர் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, போர்ட்டேஜ் ஓடை மீன் ஏறும் காலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது. நீரின் அளவைப் பற்றி மட்டும் பேசும் பொறியாளர்களுக்கு, நீரின் கலவைக்கும் ஒரு கணக்கு உண்டு என்று காட்டிய இடம் அது.

மூன்றாவது, மூக்கையே கெடுப்பது. செம்பு. கோஹோ குட்டிகளில், இயற்கையாக உள்ளதற்கு மேல் லிட்டருக்கு 2.3 முதல் 3 மைக்ரோகிராம் செம்பு கூடினாலே மோப்பத்தின் வலு நாலில் ஒரு பங்கு குறைகிறது, அதுவும் நிமிடக் கணக்கில். 3 மைக்ரோகிராம் என்றால் பத்து லட்சம் லிட்டர் நீரில் 3 கிராம். மீன் சாகாது, வயிறு மேலே மிதக்காது, ஆகவே யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் அடிபட்ட மீனின் தோலிலிருந்து வரும் எச்சரிக்கை வாசனை அதற்குத் தெரியாது; பருந்தும் பெருமீனும் வரும்போது அசையாமல் நிற்க வேண்டியது, திரிந்துகொண்டே இருக்கும். வாகன பிரேக் கட்டைகளிலிருந்து உதிரும் தூள் மழைநீரோடு ஓடைக்குப் போவதுதான் அங்கே பெரிய மூலம். அதனால்தான் வாஷிங்டனும் கலிஃபோர்னியாவும் 2010-ல் பிரேக் கட்டையில் செம்பைக் குறைக்கச் சட்டம் போட்டன.

பிரேக்கை விடுங்கள். நம் தோட்டத்தில் தக்காளிக்கும் மாமரத்துக்கும் அடிக்கிற போர்தோ கலவையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 சதவீதக் கலவை பத்து லிட்டர்த் தெளிப்பானில் 100 கிராம் மயில்துத்தம். அதில் கால் பங்கு, 25 கிராம், செம்பு. முழுதும் கரைந்து ஓடைக்குப் போனால் எண்பது லட்சம் லிட்டர் நீரை அந்த 3 மைக்ரோகிராம் அளவுக்குக் கொண்டுபோகும். சுண்ணாம்பு சேர்ந்திருப்பதால் பெரும்பகுதி இலையிலும் மண்ணிலும் ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் மிச்சத்தை ஓடையில் கொட்டித் தெளிப்பானைக் கழுவினால் அந்தச் சமாதானம் செல்லாது. எரிமலைத் தீவின் ஆறுகளைப் போலச் சுண்ணச்சத்துக் குறைந்த மென்னீரில் செம்பு இன்னும் கடுமையாக வேலை செய்யும். நரம்பு நுனி நீரில் நனைந்தபடி இருப்பது எல்லா மீனுக்கும் பொது.

வழிதவறுவதைப் பற்றி இன்னொன்று. அது எப்போதும் கோளாறு இல்லை. எல்லா சால்மனும் நூற்றுக்கு நூறு சரியாகத் திரும்பினால், புதிய ஆறு ஒன்றில் சால்மனே குடியேற முடியாது. 1980 மே மாதம் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்துச் சேறு டூட்டில் ஆற்றை நிரப்பியபோது, அந்த ஆற்றுக்குத் திரும்ப வேண்டிய மீன்கள் பல பக்கத்து ஆறுகளில் ஏறித் தப்பின. கிளமத் ஆற்றில் நான்கு அணைகளை இடித்து முடித்த 2024-ல், அக்டோபரிலேயே சினூக் சால்மன்கள் மேலே ஆரெகன் எல்லைக்குள் ஏறிவிட்டன. 1912-க்குப் பிறகு அங்கே ஏறிய முதல் மீன்கள் அவை. அந்த நீரில் பிறந்த மீன் ஒன்றுகூட உயிரோடு இருந்திருக்க முடியாது.

ஒரு மீன் எங்கே பிறந்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்கலாம். பொரிப்பக மீனென்றால் குட்டியிலேயே 1.1 மில்லிமீட்டர் நீளக் குறியீட்டுக் கம்பித்துண்டு ஒன்றைச் செலுத்திவிடுகிறார்கள். எந்த இடத்தில்? மூக்கு நுனிக் குருத்தெலும்பில்தான். மோப்பக் கிண்ணத்தில் படாமல் செலுத்துவதற்குக் கை பழக வேண்டும். காட்டு மீனென்றால் அதன் உட்காதில் வளையம் வளையமாக வளரும் காதுக்கல்லை எடுத்து, மையத்தை ஒட்டிய வளையத்தில் உள்ள ஸ்ட்ரோன்டியம் ஐசோடோப்பு விகிதத்தை ஆறுகளின் விகிதத்தோடு ஒப்பிடுகிறார்கள்.

இனி நம் பிஷிக். பிஷிக் என்பது தனி மீனினம் இல்லை. பாறையில் ஒட்டிக்கொண்டு பாசி மேயும் உளுவை வகை மீன்கள் இரண்டின் குஞ்சுக்கு இங்கே வழங்கும் பெயர். கறி என்ற நம் சொல் க்ரெயோலில் ‘காரி’ ஆகி, காரி பிஷிக் என்று தட்டுக்கு வரும்போது கிலோ விலை சால்மனை எங்கேயோ விட்டுவிடுகிறது. பெரிய மீன் ஆற்றிலேயே வாழ்ந்து, கல்லுக்கு அடியில் முட்டையிடுகிறது. பொரிந்த குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு. நீந்தக்கூடத் தெரியாமல் ஓட்டத்தோடு கடலுக்குப் போகிறது. சில நாட்களுக்குள் உப்புநீர் கிடைக்காவிட்டால் செத்துவிடும். காதுக்கல்லில் தினம் ஒரு வளையம் விழும். அதை எண்ணிப் பார்த்ததில், கடலில் நாலு மாதம் முதல் எட்டு மாதம் வரை இருந்துவிட்டு, பெரிய இனம் சுமார் 3 சென்டிமீட்டர் நீளத்தில் ஆற்றுவாய்க்கு வருகிறது.

சால்மனோடு ஒப்பிடுங்கள். சால்மன் குட்டி ஆற்றில் மாதங்களோ வருடங்களோ இருந்து, மூக்கு முழுதாக வளர்ந்தபின் இறங்குகிறது. பிஷிக்கின் குஞ்சு ஆற்றில் இருப்பது சில மணிநேரமோ ஓரிரு நாளோ, அதுவும் மூக்கென்று சொல்லிக்கொள்ள ஒன்றும் உருவாகாத நிலையில். பிறகு கடலோட்டம் அதை எங்கே கொண்டுபோகுமோ அங்கே. ரீயூனியனிலும் மொரீசியஸிலும் இதே இனங்கள்தான். ரிவியேர் து மா வாயில் பறியில் விழும் குஞ்சு மொரீசியஸ் ஆறு ஒன்றில் பொரிந்ததாகவும் இருக்கலாம். அது தேடுவது ‘என் ஆறு’ இல்லை, ‘ஏதோ ஓர் ஆறு’. உப்புக் குறைந்த நீர், கடலுக்குள் நீளும் கலங்கல் ஓட்டம், நிலத்தின் வாசனை.

நிலத்தின் வாசனை என்பது வெறும் கவிதை இல்லை. விலாங்கு மீன்களும் கடலில் பிறந்து கண்ணாடிக் குஞ்சுகளாக ஆற்றுக்கு ஏறுபவை. அவையும் பிறந்த இடத்துக்கு வரவில்லை. ஐரோப்பிய விலாங்குக் குஞ்சுகளை வைத்துச் சோதித்தபோது அவற்றை இழுத்த பொருட்களில் ஒன்று ஜியோஸ்மின். புதுமழை விழுந்ததும் கிளம்புகிற மண்வாசனை இருக்கிறதே, அதேதான். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தயாரிப்பது. லிட்டருக்குப் பத்து நானோகிராம், அதாவது பத்துக் கோடி லிட்டருக்கு ஒரு கிராம், இருந்தாலே நம் மூக்குக்கும் எட்டிவிடும்.

ஆகவே பராமரிப்பிலும் இரண்டுக்கும் வேறு வேறு கணக்கு. சால்மனுக்கு நீரின் கலவை மாறக் கூடாது. பிஷிக்குக்குக் கலவையைவிட, தண்ணீர் கடலைப் போய்ச் சேர்வதுதான் பெரிது. மழையில்லாத மாதங்களில் அலை தள்ளிய உருண்டைக்கற்கள் ஆற்றுவாயை வரப்பு போட்டு அடைத்துவிடும். தண்ணீர் கல்லுக்கு அடியில் கசிந்து போகும். குஞ்சு கசிவில் ஏற முடியாது. சலாசியின் நீரைச் சுரங்கம் வழியாக மேற்குக் கரைக்குக் கொண்டுபோகும் திட்டத்தில், அந்த நீர் வயலுக்கும் வீட்டுக்கும் குழாயில் போகிறது, வேறோர் ஆற்றில் கலப்பதில்லை. அதனால் சீட்டன் ஓடையில் நடந்த குழப்பம் இங்கே இல்லை. ரிவியேர் து மா-வுக்கு இதில் வரும் தொல்லை ஓட்டம் மெலிவதுதான்: வாய் சீக்கிரம் அடைபடும், மேலே பொரிந்த குஞ்சு கடலுக்கு இறங்கும் நாட்களும் நீளும். அதற்குக் கிடைத்திருப்பதோ சில நாள் அவகாசம். வாயில் கல்லடுக்கி வாய்க்கால் போட்டு ‘வூவ்’ பறி வைக்கிறவர்கள் ஒரு கிளையையாவது முழுதாகத் திறந்துவிட்டால்தான் மேலே முட்டையிட மீன் இருக்கும். ஆனால் ‘நாம் விட்டது நம் ஆற்றுக்கே திரும்பும்’ என்று நினைத்து விட வேண்டாம். அது எல்லாத் தீவுக்கும் பொதுவான கடல் கையிருப்பில் போய்ச் சேருகிறது, அடுத்த பருவத்தில் எந்த வாயில் எவ்வளவு ஏறும் என்பதைக் கடலோட்டமும் மழையும் சேர்ந்து தீர்மானிக்கும்.

வாங்கி வந்த பிஷிக் கடலிலிருந்து அப்போதுதான் ஏறியதா, ஆற்றில் சில நாள் இருந்ததா என்று தெரிந்துகொள்ள மூக்கைப் பார்த்துப் பயனில்லை, அத்தனை சிறியது. வாயைப் பாருங்கள். ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு நாலைந்தைப் போட்டு, பூதக்கண்ணாடி பிடியுங்கள். உடல் கண்ணாடி போலிருந்து, வாய் தலையின் முன்நுனியில் திறந்திருந்தால் அது இன்னும் கடல்மீன். நிறம் ஏறி, வாய் தலைக்கு அடிப்பக்கம் இறங்கியிருந்தால் பாசி மேயத் தயாராகிவிட்டது. வயிற்றுத் துடுப்புகள் சேர்ந்து உருவான உறிஞ்சியையும் வாயையும் மாற்றி மாற்றிப் பதித்து அருவிப்பாறையில் ஏறவும் அந்த வாய்தான்.